விவாதம்: பிசரிடிஸ் சொல்லும் வேலையின்மைதானா யாழ்ப்பாணத்து வேலையின்மை?

திருநெல்வேலிச் சந்தி | ஞாயிறு, இரவு 8.40

போன கிழமை உயர்தர வகுப்பில் வேலையின்மைப் பாடம். வகைகளைப் பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போது பின்வாங்கில் இருந்த மாணவி ஒருத்தி கேட்டாள்: "சேர், எல்லாத்தையும் சாட்ஜிபிடி செய்யும் என்றால் நாங்கள் எதற்குப் படிக்கிறோம்?" அந்தப் பிள்ளை பகிடிக்குக் கேட்கவில்லை. வகுப்பே என் முகத்தைப் பார்த்தது. பாடப்புத்தகத்தின் இரண்டு வரி விடை எனக்கே போதவில்லை. இரவு வீட்டுக்கு வந்து பழைய குறிப்புகளை எடுத்துப் பார்த்தேன். அதில் அதிகம் இருந்த பெயர் பொருளியலாளர் கிறிஸ்தோபர் பிசரிடிஸ்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 1948இல் சைப்பிரஸின் தலைநகர் நிக்கோசியாவில் பிறந்தவர். இங்கிலாந்தில் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 1970இல் பொருளியல் பட்டம், அடுத்த வருடம் முதுமாணி. 1973இல் லண்டன் ஸ்கூல் ஒஃப் எக்கொனொமிக்ஸில் (எல்.எஸ்.ஈ.) ஜப்பானியரான மிச்சியோ மொரிஷிமாவின் வழிகாட்டலில் கலாநிதிப் பட்டம். ஊருக்குத் திரும்பி சைப்பிரஸ் மத்திய வங்கியில் சேர்ந்தார். 1974 யூலையில் அவர் ஏதென்ஸில் நின்றபோது ஊரில் ஆட்சிக் கவிழ்ப்பு. ஐந்து நாளில் துருக்கிப் படை வந்து இறங்கியது. தீவு இரண்டாகப் பிரிந்தது. வங்கி வேலைக்கு அவர் திரும்பிப் போகவில்லை. சவுத்ஹாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளரானார். 1976இல் எல்.எஸ்.ஈ.க்கு விரிவுரையாளராகப் போய் அங்கேயே பேராசிரியராகி, 2010இல் பீட்டர் டயமண்ட், டேல் மோர்டென்சன் ஆகியோருடன் பொருளியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இன்று பல்கலைக்கழகமாக இருக்கும் எங்கள் யாழ்ப்பாண வளாகம் தொடங்கியதும் அதே 1974தான். போர் நடந்த தீவில் இருந்து வெளியே நின்றதால் வேறு வாழ்க்கைக்குப் போன பிள்ளைகளை நாங்கள் வீட்டுக்கு வீடு அறிவோம்.

அவர் செய்த வேலையை நான் வகுப்பில் கலியாணப் பொருத்தத்தை வைத்துத்தான் விளங்கப்படுத்துகிறேன். மாப்பிள்ளையும் இருக்கிறார், பெண்ணும் இருக்கிறாள், இரண்டு வீடும் ஒரே ஊர். ஆனாலும் கலியாணம் நடக்க வருடக்கணக்கில் ஆகிறது. தரகர் வேண்டும், விசாரிக்கவேண்டும், சாதகம் பார்க்கவேண்டும், சிலதைத் தட்டிக்கழிக்கவேண்டும். வேலையும் அப்படித்தான். ஆள் தேடும் வெற்றிடமும் வேலையில்லாதவரும் ஒரே நேரத்தில் இருக்கும். ஒருவரை ஒருவர் கண்டுபிடிக்கும் மட்டும் போகிற காலமும் செலவும்தான் வேலையின்மையின் பெரும்பகுதி. வேலைகள் எப்படி உருவாகி எப்படி அழிகின்றன என்று 1994இல் மோர்டென்சனோடு சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார். 1998இல் அதே இருவரும் தொழினுட்பத்தைக் கொண்டுவந்து அதற்குள் வைத்தார்கள்.

என் கருத்தை நேராகச் சொல்கிறேன். "இயந்திரம் வந்து எங்கள் பிள்ளைகளின் வேலையைத் தின்னப்போகிறது" என்ற பயம் யாழ்ப்பாணத்தில் அளவுக்கு மீறிப் போய்விட்டது. எங்கள் பிரச்சினை பொருத்தம். வெற்றிடம் ஒரு பக்கம், பெடியள் ஒரு பக்கம். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1990இல் நின்றது இயந்திரத்தால் இல்லையே, போரால். மாற்றுக்கருத்து உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஈயெழுத்து | ஞாயிறு, இரவு 10.15

சேர், உங்கள் பதிவை இரண்டு தரம் வாசித்தேன். அந்த மனிதரின் வாழ்க்கையை எழுதிய விதம் நன்றாக இருந்தது. கடைசிப் பந்திதான் எனக்குச் சுட்டது.

என் அப்பா யாழ் நகரத்தில் ஒரு அச்சகத்தில் 24 வருடம் கம்போசிற்றர், அச்சுக் கோப்பவர். மரக் கேஸில் ஈயத்தில் வார்த்த ஈயெழுத்துகள் அறை அறையாக இருக்கும். ஒவ்வொரு எழுத்தாகக் கையால் பொறுக்கி, வலமிடமாகத் திருப்பிக் கோப்பார். கண்ணாடியில் பார்ப்பதுபோல எழுத்தை வாசிக்கப் பழகியவர். தொண்ணூறுகளில் கரண்ட் இல்லாமல் இருந்தோமே, அந்தக் காலத்தில் மண்ணெண்ணெய் விளக்கில் அந்தக் கைதான் கலியாணக் கார்டும், அந்தியேட்டிக்குக் கொடுக்கும் நினைவுப் புத்தகமான கல்வெட்டும் அச்சடித்துக் கொடுத்தது. 1995 ஒக்டோபரில் எல்லோரும் இடம்பெயர்ந்து, அடுத்த வருடம் திரும்பி வந்து, அச்சகத்தின் தூசியைத் தட்டித் திறந்ததும் அவரும் இன்னும் மூன்று பேரும்தான்.

2002இல், போரால் மூடியிருந்த ஏ9 நெடுஞ்சாலை திறந்தது. கொழும்பில் இருந்து கணினியும் ஓஃப்செற் மெசினும் வந்து இறங்கின. அடுத்த வருடம் அப்பாவுக்கு வேலை இல்லை. ஈயெழுத்துகளை நிறுத்து விற்றார்கள். அதைத் தூக்கி லொறியில் ஏற்றவும் அப்பாவைத்தான் கூப்பிட்டார்கள். அவருக்கு அப்போது 51 வயது.

இதில் எங்கே பொருத்தம் பிழைத்தது? முதலாளியும் அப்பாவும் ஒருவரை ஒருவர் 24 வருடமாக அறிவார்கள். தேடவேண்டிய தேவை இருக்கவில்லை. இயந்திரம் வந்தது, மனிதன் வெளியே போனான். இங்கிலாந்தில் வேலை போனால் அரசாங்கம் கொஞ்சமாவது காசு கொடுக்கிறது. அந்த நாட்டில் இருந்து எழுதியவர் "தேடும் காலம்" என்று எழுதலாம். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் அடகுக்கடை. அம்மாவின் தாலிக்கொடி தவிர மற்றதெல்லாம் போனது.

திருநெல்வேலிச் சந்தி | ஞாயிறு, இரவு 11.05

தம்பி, உங்கள் அப்பாவை வைத்துத்தான் இதை விளங்கிக்கொள்ளவேண்டும் என்று இப்போது படுகிறது. கோபிக்காமல் வாசியுங்கள்.

நான் சொன்ன 1998ஆம் ஆண்டுக் கட்டுரை கேட்கும் கேள்வி இதுதான்: புதிய தொழினுட்பம் வரும்போது, இருக்கிற வேலையையே அதற்கேற்றபடி புதுப்பிக்க முடியுமா? அந்தச் செலவு குறைவென்றால் பழைய ஆளே புதிய கருவியைப் பிடித்துக்கொள்வார். உற்பத்தி கூடும், முதலாளி இன்னும் ஆட்களை எடுப்பார், வேலையின்மை குறையும். செலவு கூடவென்றால் முதலாளி பழைய வேலையை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவார். அப்போது வேலையின்மை ஏறும். தொழினுட்பம் நல்லதா கெட்டதா என்று அவர்கள் பொதுவாகத் தீர்ப்புச் சொல்லவில்லை. புதுப்பிக்கும் செலவைப் பார் என்றார்கள்.

முதல் வகைக்கு எங்கள் தோட்டங்களைப் பாருங்கள். என் பாட்டன் காலத்தில் கிணற்றில் தண்ணீர் இறைக்கத் துலா. மிதிக்க இரண்டு பேர், பட்டை பிடிக்க ஒருவர், தண்ணீர் கட்ட ஒருவர். மண்ணெண்ணெய் மெசின் வந்ததும் துலா மிதித்தவர்களுக்கு அந்த வேலை போனது. ஆனால் தோட்டம் அதே தோட்டம், தோட்டக்காரன் அதே ஆள். இரண்டு பரப்புக் காணி செய்தவர் ஆறு பரப்புச் செய்தார். 1970களில் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் வந்த விலையைக் கிழவர்கள் இன்றும் கதைப்பார்கள். களை பிடுங்க, கொத்த, பிடுங்கிக் கட்ட என்று எத்தனை கைகள் தேவைப்பட்டன! அதே வருமானத்தை 1977இல் கதவைத் திறந்துவிட்ட கொள்கை விழுத்தியது. அதையும் மெசின் செய்யவில்லை.

உங்கள் அப்பாவுக்கு நடந்தது இரண்டாவது வகை. அது கோட்பாட்டுக்கு வெளியே இல்லை, அதன் நடுவில்தான் இருக்கிறது. ஒன்று கேட்கலாமா? வேலை போன நாளில் இருந்து அடுத்த வேலை கிடைக்கும் மட்டும் எவ்வளவு காலம்? அந்தக் காலத்தில் எங்கெங்கே போய்க் கேட்டார்? கட்டாயம் இல்லை, விருப்பம் என்றால் மட்டும்.

பரந்தன் வயல் | திங்கள், காலை 5.50

நான் படித்தவன் இல்லை. வயல் செய்கிறவன், இரணைமடுத் தண்ணீரில். நேற்று மகன் இதை வாசித்துக் காட்டினான். சந்திச் சேர் சொல்வதில் எனக்கு நியாயம் தெரிகிறது.

முந்தி அருவி வெட்டு என்றால் ஏக்கருக்கு எட்டு, பத்துப் பேர். பிறகு கட்டி, சுமந்து, சூடு வைத்து, சூடு மிதித்து, தூற்றி. இப்போது வெட்டும் மெசின் வந்தால் தேத்தண்ணி குடித்து முடிக்கும் நேரத்தில் பாதி வயல் முடியும். கூலிக்காரரின் வயிற்றில் அடித்துவிட்டோம் என்று சொல்கிறார்கள். உண்மையைச் சொல்கிறேன், மெசினுக்கு முன்னமே ஆட்கள் போய்விட்டார்கள். போரில் செத்தவர்கள், முகாமில் இருந்து வரும்போது கை கால் இல்லாமல் வந்தவர்கள், வெளிநாடு போனவர்கள். மழை இருட்டிக்கொண்டு நிற்கும்போது ஆள் தேடி ஊர் ஊராகத் திரிந்தது எனக்குத்தான் தெரியும். மெசின் இல்லாவிட்டால் என் நெல் வயலிலேயே முளைத்திருக்கும்.

2022இல் டீசல் இல்லாமல் மெசின் நின்றது. அரிவாளை எடுத்துக்கொண்டு ஆள் தேடினேன். வெட்டத் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் அறுபது தாண்டிவிட்டது. பெடியளுக்கு அரிவாள் பிடிக்கத் தெரியவில்லை. அது ஒரு கவலை.

இன்னொன்றும் இருக்கிறது. வெளிநாட்டுக் காசு வருகிற வீட்டுப் பெடியன் வயலுக்கு வரமாட்டான். மோட்டார் சைக்கிளில் சுற்றுவான். இதையும் எழுதுங்கள்.

கச்சேரி வாசல் | திங்கள், காலை 9.20

ஐயா, உங்கள் வயதுக்கு மரியாதை வைத்துத்தான் எழுதுகிறேன். கடைசி வரியை ஏற்கமுடியாது.

2017இல் யாழ் மாவட்டச் செயலகத்துக்கு முன்னால் கொட்டில் போட்டு மாதக்கணக்கில் இருந்த வேலையற்ற பட்டதாரிகளில் நானும் ஒருத்தி. எங்களையும் ரோட்டில் போனவர்கள் அப்படித்தான் சொன்னார்கள். "கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்கவேணும் என்று நிற்கிறாளவை" என்று காதுபடச் சொன்னார்கள். எனக்கு வெளிநாட்டில் யாரும் இல்லை. காலையில் முன்பள்ளியில் 6,000 ரூபாவுக்குப் படிப்பித்துவிட்டுத்தான் அந்தக் கொட்டிலுக்குப் போனேன். கணக்கெடுக்கிறவர்களைப் பொறுத்தவரை நான் வேலையற்றவளே இல்லை. எங்கள் நாட்டுத் தொழிற்படை மதிப்பீட்டில் அந்தக் கிழமை ஒரு மணித்தியாலம் வேலை செய்திருந்தாலும் வேலையில் இருப்பவர்தான். அதனால்தான் நாட்டில் வேலையின்மை நாலு, ஐந்து சதவீதம்தான் என்று சொல்கிறார்கள். வேலை தேடுவதையே விட்டுவிட்ட பெண்கள் அந்தக் கணக்குக்குள் வரவே மாட்டார்கள்.

சேர், பிசரிடிஸ் 1992இல் எழுதிய இன்னொரு கட்டுரை உண்டு. நீங்கள் அதைச் சொல்லவில்லை. வேலை இல்லாமல் இருக்கும் காலம் நீள நீள ஆளின் திறமை தேய்கிறது. தேய்ந்தவர்கள் கூடினால் முதலாளிகள் புதிய வெற்றிடங்களைத் திறப்பதையே குறைக்கிறார்கள். ஒரு தற்காலிக அடி இப்படியே வருடக்கணக்கில் நீள்கிறது. அதை வாசித்த அன்று நான் அழுதேன். பட்டம் பெற்று நாலு வருடம். புள்ளிவிபரவியலில் நல்ல பெறுபேறு எடுத்தவள் நான். நேர்முகத் தேர்வில் சாதாரணமான ஒரு கேள்விக்கு விடை தொண்டையில் நின்றுவிட்டது. அது சோம்பல் இல்லை. தேய்மானம்.

2020இல் அரசாங்கம் பட்டதாரிகளைப் பெருந்தொகையாக எடுத்தபோது எனக்கும் இடம் கிடைத்தது. இப்போது ஒரு அலுவலகத்தில் கோப்பு அடுக்குகிறேன். பொருத்தமா என்று கேட்டால் இல்லை.

பரந்தன் வயல் | திங்கள், காலை 11.30

பிள்ளை, நான் உன்னைச் சொல்லவில்லை. சொன்ன வரி பிழை என்றால் எடுத்துக்கொள்கிறேன். ஆனால் ஆள் கிடைக்கவில்லை என்று சொன்னது உண்மை.

தாளையடிக் கரை | திங்கள், மாலை 4.10

ஆள் கிடைக்கவில்லை என்று சொல்கிறவர்கள் எப்போதும் கூலியைச் சொல்லமாட்டார்கள். அண்ணை, கோபிக்கவேண்டாம்.

நான் வடமராட்சி கிழக்கு. எங்கள் கரையில் கரைவலை. ஒரு வலை இழுக்க முந்தி முப்பது, நாற்பது பேர் இரண்டு கயிற்றிலும் நிற்பார்கள். அம்பாப் பாட்டுப் பாடி இழுத்தது எனக்கு ஞாபகம். மீன் பட்டால் முதலாளியான சம்மாட்டிக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, மிச்சம் இழுத்த கைகளுக்கு. கணவனை இழந்த பெண்கள் மீன் தரம் பிரித்து, கருவாடு போட்டுப் பிள்ளைகளைப் படிப்பித்தார்கள். நானும் ஒருத்தி. இப்போது உழவு இயந்திரத்தில் சக்கரம் பூட்டி வலையைச் சுற்றி இழுக்கிறார்கள். ஏழு, எட்டுப் பேர் போதும்.

சேர் சொன்னபடி பார்த்தால் இது எந்த வகை? வேலை அதே வேலை. கடல் அதே கடல். சம்மாட்டி அதே சம்மாட்டி. உற்பத்தி கூடினால் இன்னும் ஆட்களை எடுப்பார்கள் என்றீர்கள். கடலில் மீன் கூடாதே! தோட்டக்காரன் ஆறு பரப்புச் செய்யலாம். கரையில் வலை போடும் இடமான பாடு அளந்துதான் இருக்கிறது, கூட்ட முடியாது. அப்போது மிச்சப்பட்ட காசு சம்மாட்டியின் கையில்தான் நிற்கிறது. இழுத்தவர்களுக்கு வந்தது வெறும் கரை.

அடுத்தது, கடலுக்குள் போகிற தொழில். நைலோன் வலையும் வெளியிணைப்பு இயந்திரமும் வந்தபோது எங்கள் ஆட்கள் முன்னேறினார்கள், அதை மறுக்கமாட்டேன். ஆனால் அடிமடி இழுக்கும் இழுவைப் படகும் தொழினுட்பம்தான். அது அடியில் இருந்த முட்டை, குஞ்சு, பாசி எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போகிறது. 2017இல் எங்கள் நாட்டில் அதைச் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். அக்கரையில் இருந்து இழுவைப் படகுகள் வருவது நிற்கவில்லை. ஒருவனுடைய இயந்திரம் இன்னொருவனுடைய வேலையை எல்லை தாண்டி வந்து அழிக்கிறது. நோபல் பரிசுக்காரரின் கணக்கில் இது எங்கே இருக்கிறது?

திருநெல்வேலிச் சந்தி | திங்கள், இரவு 9.00

அக்கா, நீங்கள் கேட்ட இரண்டாவது கேள்விக்கு அந்தக் கணக்கில் இடம் இல்லை. அது கடல் என்ற பொதுச் சொத்தைப் பற்றிய கேள்வி. அதற்கு வேறு பொருளியல் வேண்டும்.

முதல் கேள்வி என்னை வகுப்பிலும் துரத்தியது. உற்பத்தியைக் கூட்ட இடம் இருந்தால்தான் ஆள் கூடும் என்பது சரி. அமெரிக்காவில் காசு எடுக்கும் மெசின் வந்தபோது நடந்ததை ஜேம்ஸ் பெசன் என்ற ஆய்வாளர் எடுத்துக் காட்டினார். 1988க்கும் 2004க்கும் இடையில் நகரத்து வங்கிக் கிளை ஒன்றில் காசாளர் சராசரியாக 20 பேரில் இருந்து 13 ஆனார்கள். ஆனால் கிளை நடத்தும் செலவு குறைந்ததால் கிளைகள் 40 சதவீதத்துக்கு மேல் கூடின. மொத்தக் காசாளர் தொகை விழவில்லை. அங்கே விரிய இடம் இருந்தது. உங்கள் கரையில் இல்லை.

இரவு ஷிஃப்ட் | திங்கள், இரவு 11.50

சேர், அந்த வங்கிக் கதையை எங்கள் அலுவலகத்திலும் அடிக்கடி சொல்வார்கள். அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று யாரும் சொல்வதில்லை. கைப்பேசியில் வங்கி வந்ததும் அமெரிக்காவில் காசாளர் தொகை இறங்கத் தொடங்கியது. முதல் இயந்திரத்துக்குத் தப்பியவர்கள் இரண்டாவதுக்குத் தப்பவில்லை.

நான் யாழ்ப்பாணத்திலேயே மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறேன். ஐந்து வருடத்துக்கு முன் நான் சேர்ந்தபோது எங்கள் குழுவில் புதிதாகப் படித்து வந்த பிள்ளைகள் ஆறு பேரை எடுத்தார்கள். பிழை தேடுவது, சின்னச் சின்னத் துண்டாகக் கோட் எழுதுவது, இவற்றைச் செய்து செய்துதான் நாங்கள் தொழிலைப் படித்தோம். இந்த வருடம் ஒருவரைத்தான் எடுத்தார்கள். மற்ற ஐந்து பேர் செய்திருக்கக்கூடிய வேலையை நான் செயற்கை நுண்ணறிவை வைத்துப் பின்னேரத்துக்குள் முடிக்கிறேன். யாருடைய வேலையும் போகவில்லை, யாரையும் நிறுத்தவில்லை. ஐந்து கதவுகள் திறக்கவே இல்லை, அவ்வளவுதான். இதை எந்த மதிப்பீட்டில் எண்ணுவார்கள்?

உங்கள் பிசரிடிஸே 2024 தொடக்கத்தில் இதைச் சொன்னார். எல்லோரும் விஞ்ஞானம், தொழினுட்பம் என்று ஓடுவது புத்தியா என்று யோசிக்கச் சொன்னார். தகவல் தொழினுட்பத்தில் சிலர் தங்கள் வேலையை அழிக்கும் விதையைத் தாங்களே ஊன்றுகிறார்கள் என்றும், ஆளோடு ஆள் கதைத்துப் பராமரிக்கும் வேலைகளுக்குத் தேவை இருக்கும் என்றும் சொன்னார். அதற்கு முந்தின வருடம் சாட்ஜிபிடியால் கிழமைக்கு நாலு நாள் வேலைக்குப் போகலாம் என்றும் சொன்னவர் அவர்தான். எங்கள் நிறுவனத்தில் ஐந்தாம் நாளை யாரும் எங்களுக்குத் திருப்பித் தரவில்லை. அந்த நாளில் இன்னொரு வாடிக்கையாளரின் வேலை வந்து உட்கார்ந்திருக்கிறது.

ஆனால் அவரை முழுதாகத் தள்ளிவிடவும் மாட்டேன். அவருடைய பெயரில் பிரித்தானியாவில் நடந்த ஆய்வொன்று 2024இல் வெளிவந்தது. மடிக்கணினி போன்ற பழகிய கருவிகளோடு வேலை செய்பவர்களின் வாழ்க்கை கொஞ்சம் நன்றாக இருந்தது. ரோபோ, செயற்கை நுண்ணறிவு, உடம்பில் மாட்டிக் கண்காணிக்கும் கருவி போன்ற புதியவற்றோடு வேலை செய்பவர்களின் வாழ்க்கைத் தரம் குறைவாக இருந்தது. வேலை இருக்கிறதா இல்லையா என்பதோடு நிறுத்தாமல், இருக்கிற வேலை மனிதனை என்ன செய்கிறது என்று கேட்டிருக்கிறார். இரவு இரண்டு மணிக்குத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் எனக்கு அந்தக் கேள்வி முக்கியம்.

கச்சேரி வாசல் | செவ்வாய், காலை 8.45

தங்கச்சி, நீங்கள் சொன்ன "திறக்காத கதவு" சரியாக என் கதை. ஒரு சந்தேகம் மட்டும். ஆட்களைப் பராமரிக்கும் வேலைக்குத் தேவை கூடும் என்கிறார். எங்கள் ஊரில் அந்த வேலை ஏற்கனவே நிறைய இருக்கிறது. பிள்ளைகள் எல்லாம் கனடாவில், வயதான தாய் தகப்பன் தனியே. பார்க்க ஒரு பெண்ணை வைக்கிறார்கள். சம்பளம் பேசுவது தொலைபேசியில். சேமலாப நிதி இல்லை, லீவு இல்லை. அந்த வேலைக்குத் தேவை இருக்கிறது, மதிப்பு இல்லை. மதிப்பு வராமல் பொருத்தம் மட்டும் வந்து என்ன பயன்?

திருநெல்வேலிச் சந்தி | செவ்வாய், இரவு 8.20

மூன்று நாளாக வாசிக்கிறேன். முதல் பதிவின் கடைசிப் பந்தியில் ஒரு விஷயத்தைத் திருத்தவேண்டும். இயந்திரப் பயம் அளவுக்கு மீறிப் போய்விட்டது என்று எழுதினேன். பயத்தின் அளவை நான் தீர்மானித்திருக்கக் கூடாது. சர்வதேச நாணய நிதியம் 2024 ஜனவரியில் உலக வேலைகளில் 40 சதவீதத்தைச் செயற்கை நுண்ணறிவு தொடும் என்றது. பணக்கார நாடுகளில் 60, எங்களைப் போன்ற வளர்ந்துவரும் நாடுகளில் 40, மிக வறிய நாடுகளில் 26. எங்களுக்குரிய 40 அந்த 60ஐ விடக் குறைவுதானே என்று வகுப்பில் சொல்லி "எங்களுக்குப் பரவாயில்லை" என்று ஆறுதல்படுத்த நினைத்திருந்தேன். இரவு ஷிஃப்ட் எழுதியதை வாசித்தபின் சொல்லமாட்டேன். எங்கள் மாணவர்கள் போட்டியிடுவது வெளிநாட்டு வாடிக்கையாளரின் வேலைக்குத்தான். அந்த 60 இவர்களையும் தொடும்.

ஆனால் பொருத்தம், காத்திருப்பு என்ற கோட்பாட்டை நான் விடமாட்டேன். காரணம் இந்த இழையிலேயே இருக்கிறது. எல்லோரும் இங்கே எழுதியது காத்திருந்த காலத்தைப் பற்றித்தான். அந்தக் காலத்தை யார் சுமக்கிறார்கள் என்று கேட்கவைத்தவர் பிசரிடிஸ். இங்கிலாந்தில் அரசு ஒரு பங்கைச் சுமக்கிறது. எங்கள் நாட்டில் வேலையின்மைக் கொடுப்பனவு இல்லை. 1971ஆம் ஆண்டு வேலை முடிவுறுத்தல் சட்டம் நட்டஈடு பற்றிச் சொல்கிறது, ஆனால் 15 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடத்துக்கு அது பொருந்தாது. யாழ்ப்பாணத்தில் எத்தனை கடையில், எத்தனை அச்சகத்தில் 15 பேர்? ஈயெழுத்துத் தம்பி, உங்கள் அப்பாவின் அச்சகத்தில் எத்தனை பேர் வேலை செய்தார்கள்?

ஈயெழுத்து | புதன், இரவு 9.30

பதினொரு பேர்.

சேர் ஞாயிற்றுக்கிழமை கேட்டதற்கு அன்று பதில் எழுத மனம் வரவில்லை. இன்று பின்னேரம் அப்பாவிடம் கேட்டேன். இருபது வருடத்துக்கு மேலாக இதை நாங்கள் கதைத்ததே இல்லை. அவர் விரல் விட்டு எண்ணி இரண்டு வருடம் ஏழு மாதம் என்றார். போய்க் கேட்ட இடங்களைச் சொல்லச் சொன்னேன். நகரத்தில் இருந்த மற்ற அச்சகங்கள் எல்லாவற்றையும் பெயர் பெயராகச் சொன்னார். பிறகு ஒரு புத்தகக் கடை, இரண்டு பள்ளிக்கூடத்து நூலகம், ஒரு ரியூசன் சென்ரர். கடைசியில் ஒரு சாமான் களஞ்சியத்தில் இரவுக் காவலாளி. அதில் பன்னிரண்டு வருடம்.

இன்னொன்றும் சொன்னார், எனக்கு இது தெரியாது. வேலை போன பிறகு முதல் ஆறேழு மாதம் அந்த அச்சகத்துக்குக் கணினியில் தட்டச்சு செய்ய வந்த பிள்ளை ஒருத்தி சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வருவாவாம். ணகர னகரம், சந்தி, எங்கே ஒற்று வரும் என்று பார்த்துத் திருத்த. பத்து, பதினைந்து பக்கம் கொண்டுவருவா. அப்பா சிவப்புப் பேனையால் திருத்திக் கொடுப்பார். காசு கேட்கவில்லை. அவ கொண்டுவந்த பிஸ்கட் பெட்டி எனக்கு ஞாபகம், நான்தான் தின்றேன். எதற்காக வந்தா என்றுதான் தெரியாமல் இருந்தது.

அப்படியென்றால் புதுப்பிக்கிற செலவு சனிக்கிழமைதான், சேர். அப்பாவுக்குத் தெரிந்த தமிழ் அந்தக் கணினிக்குத் தேவைப்பட்டது. திரையில் எழுத்துப் பிழை பார்க்க அவரை வைத்திருக்கலாம். அவர் தட்டச்சைப் பழக மூன்று மாதம் போயிருக்கும். முதலாளி அதை யோசிக்கவில்லை, அப்பா கேட்கவும் இல்லை. "நான் கேட்டிருக்கலாமோ?" என்று இன்றைக்கு என்னிடம் கேட்டார். எழுபது தாண்டிய மனிதர். என்ன சொல்வது என்று தெரியவில்லை. இல்லை அப்பா, அவர்கள்தான் கேட்டிருக்கவேண்டும் என்று சொன்னேன்.

உங்கள் மாணவியிடம் இதைச் சொல்லுங்கள்.